ஆலன் ரோடு ஏன் பாதியில் நிற்கிறது

அன்புள்ள ஐயா,

போன மாதம் தங்கச்சியின் மகளுடைய கலியாணத்துக்குப் பாரிஸ் போயிருந்தேன். தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் இருந்து மண்டபத்துக்குப் போக, நகரத்தைச் சுற்றி ஓடும் பெரிஃபெரிக் ரோட்டில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். ரோடு ஒடுக்கம், அதிலும் 50க்கு மேல் போகக் கூடாதாம். எங்கட டொரொண்டோவில் 401 நெடுஞ்சாலை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 18 வழித்தடம். ஐரோப்பாக்காரர் ரோடு போடுவதில் இவ்வளவு பின்தங்கிவிட்டார்களா?

வ., ஸ்காபரோ

அன்புள்ள வ.,

அந்த 18 வழித்தடத்திலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன வேகத்தில் போவீர்கள்? அதைக் கடிதத்தில் விட்டுவிட்டீர்களே!

401 வின்ட்சரிலிருந்து கியூபெக் எல்லை வரை போகிற ரோடு. டொரொண்டோ அதைத் தாண்டி வடக்கே வளர்ந்துவிட்டது. வெளியூர் லாரியும் உள்ளூர்க் காரும் ஒரே ரோட்டில் வந்து சேர்ந்ததால்தான் நடுவில் தூரம் போகிறவர்களுக்கு எக்ஸ்பிரஸ், ஓரத்தில் ஏறி இறங்குகிறவர்களுக்கு கலெக்டர் என்று பிரிக்க வேண்டியதாயிற்று. பெரிஃபெரிக் வேறு ஜாதி. பாரிஸின் பழைய கோட்டை மதில் இருந்த இடத்தில் 35 கிலோமீட்டர் வளையமாகப் போட்டு 1973இல் முடித்தார்கள். பல இடங்களில் ரோட்டை ஒட்டியே அடுக்குமாடி. அகலப்படுத்த இடம் ஏது? 2024 அக்டோபரில் வேகத்தை 70இலிருந்து 50ஆகக் குறைத்ததும் அந்த வீடுகளுக்குப் போகும் சத்தத்தையும் புகையையும் சொல்லித்தான்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? அங்கே வலப்பக்கத்திலிருந்து உள்ளே நுழைகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர்தான் வழிவிட வேண்டும். முதல் தடவை நண்பரின் காரில் போனபோது நான் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே ஓட்டினார்.

அதற்காகப் பாரிஸ்காரர்கள் உத்தமர்கள் என்றில்லை. 1967இல் சேன் நதியின் வலது கரையிலேயே கார் ரோடு போட்டவர்கள்தான். 2016இல்தான் அதன் நடுப்பகுதியைக் காருக்கு மூடினார்கள்.

ரோடு எத்தனை வழித்தடம் என்பதைவிட ஊருக்குள் எதுவரை வருகிறது என்று பார்ப்பேன். அமெரிக்காவில் 1956 சட்டப்படி இன்டர்ஸ்டேட் என்கிற மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளின் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு மத்திய அரசுடையது. அந்தப் பணத்தை எந்த ஊர் வேண்டாம் என்று சொல்லும்? வீடுகளை இடித்துக்கொண்டு ரோடு நகரத்தின் நடுவுக்கே வந்தது. ஹூஸ்டனில் கேட்டி ஃப்ரீவேயை அகலப்படுத்தி 2008இல் முடித்தார்கள். பக்கவாட்டு ரோடுகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 வழித்தடம். சில வருடங்களில் நெரிசல் திரும்பி வந்துவிட்டது.

உங்கள் ஊரும் அந்த வழியில்தான் போக இருந்தது. 401இலிருந்து தெற்கே நகர நடுவுக்கு ஸ்பாடைனா எக்ஸ்பிரஸ்வே என்று ஒன்று போடத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்து ஆட்கள் எதிர்த்தார்கள். நியூயார்க்கில் இதே சண்டையைப் போட்டுவிட்டு 1968இல் டொரொண்டோவுக்குக் குடிவந்த, நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸும் சேர்ந்துகொண்டார். 1971 ஜூனில் ஒன்டாரியோ முதல்வர் பில் டேவிஸ் திட்டத்தையே நிறுத்திவிட்டார். அதுவரை போட்ட மிச்சம்தான் ஆலன் ரோடு. அது எக்ளிண்டன் தெருவில் வந்து சட்டென்று முடியும், சிக்னலில் இடமோ வலமோ திரும்பியாக வேண்டும். அங்கே வரிசையில் நின்று நீங்களும் திட்டியிருப்பீர்கள். நியாயம்தான். அந்த ரோடு சீடர்வேல் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே இறங்கியிருக்க வேண்டியது. இப்போது அங்கே மரங்களுக்கு நடுவே நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.