ஓய்வு பெற்ற ஆறே மாதத்தில் என் அப்பா நோயாளி போல ஆகிவிட்டார். 'நான் யார்' என்ற எண்ணம் உடம்பைப் பாதிக்குமா?

பாதிக்கும். என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா 1972-இல் 11 வயதில், மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்துகொண்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி தாத்தா பாட்டியோடு இலங்கையிலிருந்து வந்தவர். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 40 வருடம் கொழுந்து பறித்தார். அங்கே அவரை எல்லாரும் ஒரே மாதிரி கூப்பிட்டதில்லை. எடை போடும் இடத்தில் அவர் 'வேகக்காரி'. மகளிர் குழுவில் 'கணக்கு அக்கா', ஏனென்றால் நோட்டும் பாஸ்புக்கும் அவரிடம்தான் இருக்கும். மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போட ஆள் சேர்ப்பவரும் அவர்தான். லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், யாருக்காவது பிரசவ வலி வந்தால், ஜீப்புக்குச் சொல்லிவிட நடுராத்திரியில் முதலில் தட்டுவது எங்கள் வீட்டுக் கதவைத்தான்.

58 வயதில் ஓய்வு வந்தது. லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் குன்னூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன், அங்கே கூட்டி வந்துவிட்டேன். "இனிமே ரெஸ்ட் எடும்மா" என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் தெரியுமா! எட்டு மாதத்தில் பிரஷர் 170-ஐத் தாண்டியது. ஏற்கெனவே இருந்த சர்க்கரையும் கட்டுக்குள் நிற்கவில்லை. ஒரு சளி விட்டால் அடுத்தது பிடிக்கும். தூக்கம் கிடையாது. மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தால் பாதி அப்படியே இருக்கும். திட்டினேன். "போட்டு என்ன பண்ணப்போறேன்?" என்றார்.

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அதே மலை, அதே குளிர், சாப்பாடும் நல்ல சாப்பாடு. எனக்குப் புரியவே இல்லை. ஒருநாள் கீழ் வீட்டுப் பெண் "மாடி வீட்டுப் பாட்டி எப்படி இருக்காங்க?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. இந்தத் தெருவில் அம்மாவுக்கு இருந்தது அந்த ஒரு பெயர்தான்.

அதற்குப் பிறகு இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். 1997-இல் அமெரிக்காவில் ஷெல்டன் கோஹன் என்ற உளவியல் ஆய்வாளரின் குழுவினர் ஆரோக்கியமான 276 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டு சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். மனைவி, அப்பா, நண்பர், சக தொழிலாளி, பக்கத்து வீட்டுக்காரர், கோயில் ஆள் என்று ஆறு வகையோ அதற்கு மேலோ உறவு இருந்தவர்களைவிட, மூன்று வகையோ அதற்கும் குறைவாகவோ இருந்தவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். எத்தனை பேரைத் தெரியும் என்பதைவிட, எத்தனை விதமாக வாழ்கிறோம் என்பதுதான் அங்கே முக்கியமாக இருந்தது.

உங்கள் அப்பாவுக்கு நேராகப் பொருந்துவது 2016-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு. இங்கிலாந்தில் ஓய்வு பெற்ற 424 பேரை ஆறு வருடம் கவனித்தார்கள். ஓய்வுக்கு முன் இரண்டு குழுக்களில் இருந்தவர் இரண்டிலும் தொடர்ந்தால், அந்த ஆறு வருடத்துக்குள் இறக்கும் வாய்ப்பு 2 சதவீதம். ஒன்று போனால் 5. இரண்டும் போனால் 12. வாரம் ஒருமுறை கடுமையாக உடற்பயிற்சி செய்துவந்தவர் அதை அடியோடு நிறுத்தினால்கூட 11 சதவீதம்தான் வந்தது. அந்த 12-ஐப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அம்மாவை எல்லாவற்றிலிருந்தும் ஒரே நாளில் பிடுங்கி வந்தவள் நான்தானே.

உடம்புக்குள் நடப்பது இதுதான். தனக்கு ஆள் இல்லை, தன்னால் யாருக்கும் ஆக வேண்டியது இல்லை என்று ஆகும்போது உடம்பு அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்கிறது. கார்டிசால், அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன்கள் ஏறும். ரத்தக்குழாய் இறுகும், ஈரல் சர்க்கரையை வெளியே விடும். மாதக்கணக்கில் இப்படியே போனால் நோய் எதிர்ப்புச் சக்தி தளரும். அப்புறம் மாத்திரை விஷயம். தன் உடம்பை யாருக்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே மறந்துபோனால் மாத்திரை அட்டை தீராது.

அடையாளம் என்றாலே நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூட நாட்களில் 'சிலோன்காரங்க' என்று மற்றவர்கள் சொன்னது அம்மாவைக் கூனிக் குறுக வைத்திருக்கிறது. ஆனால் அதே சிலோன்காரர்கள் கூடித்தான் திருவிழா எடுப்பார்கள், இறப்பு வீட்டில் தோள் கொடுப்பார்கள். பிறர் ஒதுக்கும்போது உடம்பைத் தின்ற அதே பெயர், நம் ஆட்கள் சேர்ந்து சொல்லும்போது தாங்கியும் பிடித்தது.

சரி, என்ன செய்தேன்? தோட்டத்துக்குப் பக்கத்திலேயே சித்தி வீட்டில் ஒரு அறை கிடைத்தது. அம்மாவைத் திரும்ப அங்கே விட்டேன், மனசில்லாமல்தான். மகளிர் குழு நோட்டு மறுபடி அவர் கைக்கு வந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொடுக்க வரும் பெண்ணோடு போய், மாத்திரை போடாமல் ஏமாற்றும் கிழவிகளை இப்போது அம்மா மிரட்டுகிறார். அவர் பிரஷர் இப்போது 140-க்குள் நிற்கிறது. மேடு பள்ளம் ஏறி இறங்கும் நடை திரும்பியதும் ஒரு காரணம், மாத்திரையை ஒழுங்காகப் போடுவதும் ஒரு காரணம். எல்லாம் அடையாளத்தால்தான் என்று சொல்ல மாட்டேன்.

அதனால் அப்பாவை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பிரஷர், சர்க்கரை, தைராய்டு பார்க்கட்டும், மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிறகு உட்கார்ந்து, ஆபீஸ் தவிர வேறு எங்கெல்லாம் யார் யார் அவரை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று எழுதிப் பாருங்கள். யூனியனா, பஜனைக் குழுவா, டீக்கடைச் செட்டா? அதில் ஒன்றையாவது இந்த மாதமே திரும்பப் பிடித்துக்கொடுங்கள். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும் வேலை மட்டும் போதாது. நான் முதலில் அதைத்தான் கொடுத்துப் பார்த்தேன்.