ஏடிஹெச்டி மாத்திரை பிள்ளையைப் போதைக்குப் பழக்கிவிடுமா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு ஏடிஹெச்டி (கவனக் குறைவும் மிகையான துறுதுறுப்பும்) இருப்பதாகச் சொல்லி, மருத்துவர் மீத்தைல்ஃபெனிடேட் என்ற ஊக்க மருந்து மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார். "அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிற மாத்திரை, இப்போதே பழக்கினால் நாளைக்குக் கஞ்சாவில் போய் நிற்பான்" என்கிறார் என் கொழுந்தனார். கொடுக்கலாமா, வேண்டாமா?

பதில்: சட்டத்தைப் பற்றி உங்கள் கொழுந்தனார் சொன்னது சரிதான். அந்தப் பட்டியலில் இருப்பதால்தான் இந்த மாத்திரை எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை. ஆனால் அங்கிருந்து கஞ்சாவுக்கு அவர் போடும் முடிச்சுக்கு ஆதாரம் இல்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1990களில் 579 ஏடிஹெச்டி குழந்தைகளைச் சேர்த்து, அவர்கள் இளைஞர்களாகும் வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். 2023இல் வந்த முடிவு: மாத்திரை சாப்பிட்டதால் போதைப் பழக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஸ்வீடனில் சுமார் 38,000 பேரின் பதிவேடுகளைப் பார்த்தபோதோ, மாத்திரை எடுத்தவர்களிடம் போதைச் சிக்கல்கள் சுமார் 31% குறைவாக இருந்தன. ஏன் இந்த முரண்? முதல் ஆய்வில் 14 மாதங்களுக்குப் பிறகு மருந்தைத் தொடர்வதும் விடுவதும் குடும்பங்களின் விருப்பம். பலர் வளர வளர நிறுத்திவிட்டார்கள். அதிகச் சிரமம் உள்ள பிள்ளைகளே பெரும்பாலும் நீண்ட நாள் மருந்தில் இருப்பார்கள் என்பதால் ஒப்பிடுவதும் லேசல்ல. போதையிலிருந்து காக்கும் என்று நம்பி இந்த மாத்திரையைக் கொடுக்க வேண்டாம் என்பேன். படிப்புக்கும் வீட்டு நிம்மதிக்கும் உதவுகிறதா என்று பாருங்கள். போதைக்குப் பயந்து மறுக்கவும் வேண்டாம்.

பயப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. அதே அமெரிக்க ஆய்வில், சராசரி 15 வயதில் ஏடிஹெச்டி பிள்ளைகளில் 35% பேர் ஏதாவது ஒரு போதைப்பொருளைத் தொட்டிருந்தார்கள். மற்றவர்களில் அது 20%. பதினேழில் தினமும் சிகரெட் பிடித்தவர்கள் 17%, மற்றவர்களில் 8%. யோசிக்காமல் செய்துவிடும் சுபாவம், வகுப்பில் ஓயாமல் வாங்கும் திட்டு, கடைசி பெஞ்சில் கிடைக்கும் சகவாசம் எல்லாம் சேர்ந்துதான் இந்தப் பிள்ளைகளை அங்கே தள்ளுகின்றன.

நம் ஊரில் அந்த முதல் படி பெரும்பாலும் புகையிலைதான். கூல் லிப் என்று பையன்கள் சொல்வது, டீ பேக் போலச் சின்னப் பொட்டலம். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைப்பார்கள். புகை வராது, புதினா வாசம்தான் வரும். கீழுதட்டின் உள்பக்கம் வெளிறி, தோல் சுருங்கியிருக்கிறதா என்று பல் தேய்க்கும்போது சும்மா ஒரு பார்வை பாருங்கள். அதட்டலோடு சோதனை போட்டால் அடுத்த முறை ஒளித்துவிடுவான்.

அப்புறம், மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும். விழுங்கும்போது அது மெதுவாக ஏறி, மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சீராகக் கூட்டும். அந்த வேகத்தில், சொன்ன அளவில், போதை ஏறாது. பொடித்து மூக்கில் இழுத்தால் கதையே வேறு. அமெரிக்கப் பள்ளிகளில் இந்த மாத்திரைகள் நண்பர்களுக்குள் கைமாறுவது பெரிய தலைவலி. அதனால் பூட்டிவையுங்கள், எண்ணி வையுங்கள், காலையில் நீங்களே கொடுத்து விழுங்கியதைப் பாருங்கள். பள்ளிப் பையில் போட்டு அனுப்பாதீர்கள். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். எடையையும் இரத்த அழுத்தத்தையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள்.

ஒருவேளை புகையிலையோ கஞ்சாவோ ஏற்கெனவே தொட்டுவிட்டான் என்று தெரிந்தால், மானத்துக்குப் பயந்து மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஊக்க மருந்து வகையில் சேராத ஆட்டமாக்ஸிட்டினுக்கு அவர் மாற்றலாம். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.