குரக்கன் கட்டுப்படியாகுமா?

கேள்வி: வவுனியா நெடுங்கேணிப் பக்கம் 2 ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. தண்ணீர் வசதி இல்லை. குரக்கனுக்கு (கேழ்வரகுக்கு) உரமும் வேண்டாம், செலவும் இல்லை, நல்ல விலையும் போகிறது என்கிறார்கள். காலபோகத்தில் (மாரி மழைப் பயிர்க்காலத்தில்) முழுக்கக் குரக்கன் போடலாமா?

பதில்: போடலாம், முழுக்க வேண்டாம். செலவில்லாத பயிர் என்று உங்களுக்குச் சொன்னவர் கூலிக்கு ஆள் பிடித்துக் கதிர் கொய்திருக்க மாட்டார்.

கிலோ விலையை விட்டுவிட்டு ஆள்நாளைக் (ஒரு ஆளின் ஒரு நாள் வேலையை) கணக்குப் பாருங்கள். மழையை மட்டும் நம்பிய காணியில் ஏக்கருக்கு 500 கிலோ வந்தால் நல்ல விளைச்சல். களைக்கு 10 ஆள், கதிர் கொய்ய 10, அடித்துத் தூற்ற 5 என்று வையுங்கள். ஒரு ஆளின் நாள் கூலி 2,500 ரூபா என்றால் ஏக்கருக்கு 62,500 ரூபா. கிலோவுக்கு 125 ரூபா கூலியிலேயே போய்விட்டது. உழவு மெசின், விதை, இராக்காவல் எல்லாம் அதற்கு மேலே. வீட்டு ஆட்கள் இறங்கினால் அந்தக் காசு வீட்டில் நிற்கும். முழுக்கக் கூலியை நம்பினால் நிற்காது.

குறைக்கக்கூடிய இடம் களைதான். குரக்கன் நாற்றும் அதன் காட்டு உறவான புல்லும் முதல் மூன்று கிழமை ஒரே மாதிரி இருக்கும். வீசி விதைத்த காணியில் ஆள் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிடுங்க வேண்டும். பிடுங்கியதில் பாதி பயிராகவும் இருக்கும். கயிறு பிடித்து ஓரடி இடைவெளியில் வரிசையாக விதையுங்கள். வரிசைக்கு வெளியே நிற்பதெல்லாம் களை, யோசிக்காமல் மண்வெட்டியால் செருக்கலாம். 25 ஆள் 18 ஆனால் கூலி கிலோவுக்கு 90 ரூபாவாக இறங்கும். ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். விதை மிகச் சிறியது என்பதால் நாலு பங்கு காய்ந்த மணலோடு கலந்து வரிசையில் தூவுங்கள், இல்லாவிட்டால் ஓரிடத்தில் குவியும். இரண்டாம் கிழமையில் நெருக்கத்தைக் கலைத்துவிடுங்கள். நெருங்கி நின்றால் தண்டு மெலிந்து கதிர் சிறுத்துவிடும்.

விதைப்பு ஐப்பசி முதல் மழையோடு. கார்த்திகைக்குத் தள்ளினால் மணி பிடிக்கும் நேரத்தில் மழை போய்விடும். உரம் வேண்டாம் என்பதும் சரியில்லை. புரட்டாதியில் எருவுக்காக மாட்டுப்பட்டி அடைத்த நிலமும் அடைக்காத நிலமும் கதிரிலேயே தெரியும். யூரியாவை அள்ளிப் போடவும் கூடாது: பனியோடு கழுத்து எரிபந்தம் என்ற பூஞ்சை நோய் வந்து கதிர் பதராகும்.

தாய்க்கதிர் முதலில் முற்றும், பக்கக்கதிர் பிந்தும். ஆகவே இரண்டு தரம் கொய்ய ஆள் வேண்டும். அடிப்பது படங்கின் மேல்தான். மண்ணில் அடித்த குரக்கனில் குறுமணல் ஏறும், அதை அரித்தெடுப்பது பெரும்பாடு. வாங்குபவரும் விலையைக் குறைப்பார். நன்றாகக் காய்ந்த குரக்கனில் வண்டு எளிதில் விழாது, வருடக்கணக்கில் கிடக்கும். எல்லாரும் விற்கும் மாசியில் களத்திலேயே கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது ஏக்கரில் உழுந்து போடுங்கள். உழுந்து கெதியாகக் காசு தரும், ஆனால் முற்றிய காயில் மார்கழி மழை விழுந்தால் காய்க்குள்ளேயே முளைத்துவிடும். அந்த மழையைக் குரக்கன் தாங்கிவிடும். அடுத்த வருடம் உழுந்து நின்ற நிலத்தில் குரக்கனைப் போட்டு, குரக்கன் நின்றதில் உழுந்தைப் போடுங்கள்.