இட்லிக்கார அண்ணாவின் பெயர்

அன்புள்ள ஐயா,

தாராவியில் பிறந்து வளர்ந்தவள் நான். வயது 33. தோல் பதனிடும் வேலைக்காகத் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தார்; நாங்கள் மூன்றாம் தலைமுறை. பத்து ஆண்டுகளாக மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ரேஷன் கார்டு, குடிநீர்க் குழாய், மருத்துவமனை என்று மனு எழுதித் தரும் வேலையும் அப்படியே என்னிடம் வந்து சேர்ந்தது. இப்போது அக்கம்பக்கத்தார், “2029 சட்டமன்றத் தேர்தலில் நீ சுயேச்சையாக நில், நமக்கென்று ஒரு தமிழர் வேண்டாமா?” என்கிறார்கள். எனக்கும் ஆசை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் மாமியார் அழுகிறார். கட்சிக்காரர் ஒருவர், ஓட்டைப் பிரிக்கத்தான் உன்னை ஏற்றிவிடுகிறார்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். சேமிப்பு ஒன்றரை லட்சம் ரூபாய். மராத்தி பேசுவேன், மேடையில் பேசியதில்லை. தாராவி தனித் தொகுதி. அப்பா ஊரில் எடுத்த சாதிச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது, அது போதும் என்கிறார்கள். நான் நிற்கலாமா?

தங்கள்,
ஒரு வாசகி, மும்பை

அன்புள்ள தங்கைக்கு,

நில்லுங்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதில் பாதி உங்களைத் தயங்க வைக்கும்.

சான்றிதழில் தொடங்குகிறேன். அது போதாது. பட்டியல் சாதிகள் எவை என்பது அரசியல் சட்டத்தின் 341ஆம் பிரிவின் கீழ் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக அறிவிக்கப்படுகிறது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்தில் குடியேறினால் அந்தத் தகுதி அவரோடு கூடவே வராது என்று உச்சநீதிமன்றம் 1990இலும் 1994இலும் சொல்லியிருக்கிறது. தனித் தொகுதியில் நிற்பவர் அந்த மாநிலத்துப் பட்டியலில் உள்ள சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே உங்கள் சாதி மகாராஷ்டிரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததற்குச் சான்று கேட்பார்கள். தாத்தாவின் கூலிச் சீட்டு, வாடகை ரசீது, பெரியப்பாவின் பள்ளிப் பதிவு, எது கிடைத்தாலும் தேடி எடுங்கள். 2005 ஜூலை 26 வெள்ளத்தில் எத்தனை வீடுகளின் தகரப் பெட்டிகள் நனைந்தன என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் இப்போதே தேடச் சொல்கிறேன். மனுத் தாக்கலுக்கு முந்தைய வாரத்தில் தேடினால் கிடைக்காது.

கிடைக்காமல் போனாலும் வழி இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் எந்தத் தொகுதியின் வாக்காளரும் எந்தப் பொதுத் தொகுதியிலும் நிற்கலாம். பக்கத்திலேயே சயான் கோலிவாடா, அதற்கடுத்து வடாலா. இரண்டும் பொதுத் தொகுதிகள். ஆனால் சுயேச்சையை முன்மொழியப் பத்து வாக்காளர்கள் வேண்டும். அவர்கள் நீங்கள் நிற்கிற தொகுதிக்காரர்களாக இருக்க வேண்டும்.

அடுத்து, ‘நமக்கென்று ஒரு தமிழர்’. அந்த ஆசையை நான் குறைத்து மதிக்கவில்லை. 1960களின் கடைசியில் இந்த நகரத்தில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கூச்சல் எழுந்த நாட்களில், என் அப்பா மாட்டுங்கா ஸ்டேஷன் வருவதற்கு முன்பே கையிலிருக்கும் தமிழ்ப் பத்திரிகையை எட்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார். இறங்கி வீட்டுக்குள் வந்த பிறகுதான் மீதியைப் படிப்பார். சட்டமன்றத்தில் நம் ஆள் ஒருவர் இருந்தால் என்ன என்ற ஏக்கம் அந்த மடிப்பில் இருந்தது. ஆனாலும் அந்த ஏக்கத்தை உங்கள் துண்டறிக்கையின் முதல் வரியாக்க வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். சயான் கோலிவாடாவில் 2014, 2019, 2024 என மூன்று முறை வென்ற ஆர். தமிழ்செல்வன் தமிழர்தான், பாரதிய ஜனதா கட்சியின் வேட்பாளராக நின்றார். பிரிவினைக்குப் பின் வந்து குடியேறிய பஞ்சாபிக் குடும்பங்களும், மராத்தியரும், உத்தரப் பிரதேசத்துக்காரர்களும், முஸ்லிம்களும் வாழ்கிற தொகுதி அது. தமிழ் ஓட்டை மட்டும் எண்ணி அங்கே யாரும் வென்றுவிட முடியாது. உங்கள் சந்தில் தண்ணீர் வராத நாளில் தமிழ் வீடும் மராத்தி வீடும் பிகார் வீடும் ஒரே வரிசையில்தானே குடத்தோடு நிற்கின்றன? அந்த மனுவை எழுதியவர் நீங்கள். அந்த வரிசை முழுவதற்கும் வேட்பாளராக நில்லுங்கள்.

இப்போது ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம்; பெயர்தான் அவருடைய கதையே.

எங்கள் குடியிருப்பில் அண்ணாச்சி ஒருவர் விடியற்காலையில் இட்லி அவித்து, அலுமினிய அடுக்குகளில் வைத்து, சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டே ஐந்தாறு தெருக்களுக்குப் போய் விற்பார். இருபது ஆண்டுகள் ஒரு நாள் தவறாமல் போனவர். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை எல்லாம் அவருக்குத் தெரியும். கட்சி எதுவும் இல்லாமல், 2014 சட்டமன்றத் தேர்தலில் நின்றார். அந்த முறை பெரிய கட்சிகள் நான்கும் தனித்தனியாக நின்றன; வாக்குகள் சிதறும், நல்லவர் ஒருவர் நுழைய இடம் கிடைக்கும் என்று நாங்கள் கணக்குப் போட்டோம். சின்னமாகத் தையல் இயந்திரம் கிடைத்தது. அக்டோபர் 1ஆம் தேதி மனுவை வாபஸ் பெறும் நாள் முடிந்தது, 15ஆம் தேதி வாக்குப்பதிவு. கட்சிகள் தங்கள் சின்னத்தை மக்கள் மனத்தில் பதிக்கப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. சுயேச்சைக்கு இரண்டே வாரம்.

நான் ஒரு வாக்குச்சாவடியில் அவருடைய முகவராக உட்கார்ந்தேன். பத்து மணி இருக்கும், அவரிடம் நாள் தவறாமல் இட்லி வாங்குகிற பாட்டி ஒருவர் வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பாலித்தீன் உறைக்குள்ளிருந்து வாக்காளர் அட்டையை எடுத்து நீட்டினார். அதிகாரி பட்டியலில் விரலை வைத்து இரண்டு முறை தேடினார். பெயர் இல்லை. பாட்டியின் சந்து இடிக்கப்பட்டு, அவர்கள் தற்காலிகக் குடியிருப்புக்கு மாறி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கதவோரமாக நின்று என்னைப் பார்த்தார். “நான் வந்தேன் என்று அவனிடம் சொல்லிவிடு” என்றார். உறையை மறுபடி முடிந்துகொண்டு போனார். அந்த முடிச்சுப் போட்ட விரல்கள் இப்போதும் என் கண்ணில் நிற்கின்றன.

அண்ணாச்சிக்கு டெபாசிட் போயிற்று. ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். படிவம் 20 என்று ஒன்று இருக்கிறது; எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை வாக்கு என்று அதில் இருக்கும். அதை வாங்கி, நாற்பது பக்க நோட்டில் சாவடி சாவடியாக எழுதினார். அவர் தினமும் ஹாரன் அடித்த இரண்டு தெருக்களின் சாவடியில் ஒரு வாக்குகூட விழவில்லை. ஏன் என்று அந்தத் தெருக்களிலேயே போய்க் கேட்டார். “அண்ணா, நீயா நின்றாய்?” என்று அவர்கள் திகைத்துப்போனார்கள். இருபது ஆண்டுகளாக அவர் அவர்களுக்கு ‘இட்லிக்கார அண்ணா’. வாக்கு இயந்திரத்தில் இருந்ததோ, அப்பா பெயரையும் சேர்த்து மராத்தி எழுத்தில் அச்சடித்த முழுப்பெயர். வேட்பாளர் புகைப்படம் அப்போது கிடையாது. 2015இல்தான் வந்தது.

நீங்கள் ‘டீச்சர்’. வாக்காளர் பட்டியலில் நீங்கள் யார்? மக்கள் அழைக்கும் பெயர் வேறாக இருந்தால், போட்டியிடுவோர் இறுதிப் பட்டியல் தயாராகும் முன் அந்தப் பெயரை எழுதிக் கொடுக்கத் தேர்தல் விதிகளில் இடம் இருக்கிறது. இதை அண்ணாச்சிக்குச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

உங்கள் வேலை மேடையில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் ஓரிடத்தில் முன்னால் வரும், இன்னோரிடத்தில் பின்னால் வரும். தமிழரசி என்ற பெயரின் ழகரம் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு விதமாக மாறிக் கிடக்கும். பிழை திருத்தவும் வீடு மாறியதைப் பதியவும் படிவம் 8, புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. பதினெட்டு நிறைந்தவரைச் சேர்க்க இப்போது ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி. தாராவி மறுசீரமைப்புக் காலம் இது. வீடு மாறுகிற ஒவ்வொரு குடும்பமும் அந்தப் பாட்டியின் நிலைக்கு வரலாம். உங்களிடம் படித்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இப்போது பதினெட்டு ஆகியிருக்கும்? அவர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். எல்லார் வீட்டுக்கும், எந்தக் கட்சி வீடானாலும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெபாசிட் பொதுப் பிரிவுக்கு 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கு 5,000. பதிவான செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் திரும்பாது. செலவு உச்சவரம்பு 40 லட்சம் என்பதைப் பார்த்து மலைக்காதீர்கள், அது வரம்புதான். தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, மொத்தச் செலவையும் அதன் வழியாகச் செய்யுங்கள். முடிவு வந்த 30 நாட்களுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்று ஆண்டுகள் வரை தகுதி நீக்கம் செய்யலாம். தோற்ற வருத்தத்தில் இதைக் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு.

ஓட்டைப் பிரிப்பது என்று சொன்னவரிடம், அந்த ஓட்டு யாருடைய சொத்து என்று கேளுங்கள். ஆனால் அவர் சொன்னதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. டெபாசிட் நான் கட்டுகிறேன், சுவரொட்டி நான் அடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் கைகூப்பி அனுப்பிவிடுங்கள். இன்னொருவரின் வாக்கைக் குறைப்பதற்காகவே வேட்பாளர்களை நிறுத்துகிற வழக்கம் இங்கே உண்டு.

மராத்தி பற்றிய பயம் வேண்டாம். வார்டு அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து வாதாடுகிற மராத்தி உங்களிடம் இருக்கிறது. அதே மராத்தியில், அதே வேகத்தில் பேசுங்கள்.

மாமியார் அழட்டும், தடுக்காதீர்கள். மருமகளைத் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று அஞ்சுகிறார். அப்படிப் பேசவும் செய்வார்கள். இன்று மாலை அவருடைய வாக்காளர் அட்டையைக் கேட்டு வாங்கி, பட்டியலில் அவர் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். தப்பாக இருந்தால் படிவம் 8 அவருக்குத்தான் முதலில். திருத்தம் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்