வீட்டு இணையம்: வேகம் எங்கே குறைகிறது?

வீட்டு பிராட்பேண்ட் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன். பெரிய பிளானுக்கு மாறலாமா என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். காசு கட்டுவதற்கு முன், வேகம் எந்த இடத்தில் குறைகிறது என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சார், 100 எம்பிபிஎஸ் பிளான். ஆனால் டவுன்லோட் செய்யும்போது 11, 12 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. இணைய வேகத்தைப் பிட் கணக்கில் சொல்வார்கள் (எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட்), கோப்பின் அளவைப் பைட் கணக்கில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தது 1 பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட். கோப்போடு சேர்ந்து போகும் முகவரி விவரங்களும் அதில் கொஞ்சம் இடம் எடுக்கும். 11, 12 வந்தால் முழு வேகமும் வருகிறது என்று பொருள்.

கேள்வி: அண்ணா, எனக்கு 300 எம்பிபிஎஸ். வைஃபையில் 200க்கு மேல் வருகிறது. கணினியில் லேன் கேபிள் செருகினால் 94ஐத் தாண்டவில்லை. கேபிள்தானே வேகம் என்பார்கள்?

பதில்: கேபிள்தான் வேகம், தம்பி. 94, 95லேயே நின்றால் கேபிள் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள், அதாவது 4 ஜோடிகள். ஜிகாபிட்டுக்கு, அதாவது நொடிக்கு 1,000 மெகாபிட்டுக்கு, நான்கு ஜோடியும் வேண்டும். 100க்கு இரண்டே போதும். ஒரு கம்பி அறுந்தாலோ, முனையில் பிளக்கைச் சரியாக அழுத்திப் பொருத்தாவிட்டாலோ (கிரிம்ப்), கருவிகள் தாமாகவே 100க்கு இறங்கிவிடலாம். நெட் ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. முதலில் நல்ல கேட் 5ஈ அல்லது கேட் 6 ரகக் கேபிள் போட்டுப் பாருங்கள். மாறவில்லையா? ரவுட்டரின் அடுத்த போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) செருகுங்கள். சில ஃபைபர் பெட்டிகளில் ஒரே ஒரு போர்ட்தான் ஜிகாபிட், மற்றவை 100. பழைய கணினி என்றால் அதன் போர்ட்டே 100 ஆக இருக்கலாம்.

கேள்வி: ஹாலில் நெட் பறக்கிறது, படுக்கையறையில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. பிளானை ஏற்றட்டுமா?

பதில்: வேண்டாம்மா. ஹாலில் நன்றாக வருவதால் லைனில் குறையில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் வைஃபை வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. பக்கத்து வீட்டு வைஃபைகளோடு நெரிசலும் உண்டு. ரவுட்டர் பெட்டியை டிவி அலமாரிக்குள்ளோ இரும்பு பீரோவின் பக்கத்திலோ வைக்காமல், வீட்டின் நடுவில் உயரமாக வையுங்கள். அப்படியும் எட்டவில்லை என்றால், அந்த அறைக்கு ஒரு கேபிள் இழுத்து இன்னொரு ரவுட்டரை அக்சஸ் பாயிண்டாக (அங்கே வைஃபை மட்டும் தரும் பெட்டியாக) போடுவதே என் பரிந்துரை. பிளானை ஏற்றத் தேவையில்லை; 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான்.

கேள்வி: ரவுட்டரில் சிவப்பு விளக்கு, எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் போதுமா?

பதில்: ஃபைபரில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். மஞ்சள் ஒயர் மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்; கழற்றி அதன் முனையைக் கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள், உள்ளே வருவது லேசர். அப்புறம் லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: 200 எம்பிபிஎஸ் இருந்தும் கேமில் பிங் எகிறுகிறதே?

பதில்: பிங் என்பது தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கேம் சர்வர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் இருந்தால், சென்னையிலிருந்து அது நேர்கோட்டில் சுமார் 7,500 கிலோமீட்டர். எந்த பிளான் போட்டாலும் போய்வர 75 மில்லிநொடிக்குக் கீழே வராது. கேமில் மும்பை அல்லது சிங்கப்பூர் சர்வரைத் தேர்ந்தெடுங்கள். மாலையில் மட்டும் எகிறினால், வீட்டில் யாருடைய போனாவது போட்டோக்களை அப்லோட் செய்து லைனை அடைக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் கேமராவுக்குத் திருப்பிவிடும் அமைப்பு) எல்லாம் செய்தும் கடையிலிருந்து வீட்டு சிசிடிவியைப் பார்க்க முடியவில்லை.

பதில்: ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, அதில் வான் (WAN) ஐபி முகவரியை, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தந்த முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட் (CGNAT) என்ற முகவரிப் பகிர்வுக்குள் இருக்கிறீர்கள். ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. அவை போதாமல் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறார்கள். அதனால் வெளியிலிருந்து வரும் இணைப்புக் கோரிக்கை உங்கள் ரவுட்டருக்கே வந்து சேராது. ஸ்டேடிக் ஐபி (உங்களுக்கென்றே ஒரு நிலையான பொது முகவரி) கேட்டு வாங்குங்கள், அல்லது கேமரா கம்பெனியின் செயலி வழியாகப் பாருங்கள். எப்படியானாலும் கேமராவோடு வந்த பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.