டிகிரி இருக்கிறது, லைசென்ஸ் இல்லை: காசநோய்த் திட்ட மேற்பார்வையாளர் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் முடித்து மூன்று வருடம் ஆகிறது. காசநோய்த் திட்டத்தில் முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர் பணியிடத்துக்கு எங்கள் மாவட்டத்தில் அறிவிப்பு வந்திருந்தது. நான் பார்ப்பதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அடுத்த முறை விண்ணப்பிக்க ஆசை. ஆனால் மருத்துவம் சார்ந்த படிப்பு எதுவும் எனக்கு இல்லை. ஸ்கூட்டி ஓட்டுவேன், கையில் இருப்பது எல்.எல்.ஆர். மட்டும்தான். மேற்பார்வையாளர் என்றால் அலுவலகத்தில் உட்கார்ந்து ரெஜிஸ்டர் பார்க்கிற வேலைதானே? பெண்களால் முடியுமா? நோய் ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா பயப்படுகிறார்.

பதில்: முதலில் லைசென்ஸ். இந்த வாரமே அந்த வேலையைத் தொடங்குங்கள். இந்தப் பணிக்குக் கேட்பது நிரந்தர இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமம், எல்.எல்.ஆர். செல்லாது. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும், ஆறு மாதத்தில் அது காலாவதியாகிவிடும். அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கக் கிடைப்பது பெரும்பாலும் சொற்ப நாள்தான். அதைப் பார்த்த பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஓடினால் கைக்கு வராது. நல்ல டிகிரி வைத்துக்கொண்டு இந்த ஓர் அட்டை இல்லாமல் திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். தேசியத் திட்ட விதிகளின்படி ஏதாவது ஓர் இளநிலைப் பட்டம் போதும். பட்டம் இல்லாதவர்களுக்கு அங்கீகாரம் பெற்ற துப்புரவு ஆய்வாளர் படிப்பு. இதோடு குறைந்தது இரண்டு மாத கம்ப்யூட்டர் பயிற்சிச் சான்று வேண்டும். உங்களிடம் அது இல்லையென்றால் லைசென்ஸுக்குக் காத்திருக்கும் காலத்திலேயே முடித்துவிடலாம். காசநோய் சுகாதாரப் பார்வையாளர் பயிற்சி, சமூகப்பணிப் பட்டம் அல்லது டிப்ளமோ, பல்நோக்கு சுகாதாரப் பணியாளர் பயிற்சி ஆகியவற்றில் ஒன்றை முடித்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. அது கட்டாயத் தகுதி அல்ல. அதே அறிவிப்பில் முதுநிலை ஆய்வக மேற்பார்வையாளர் என்றும் ஒரு பணியிடம் வரும். அதற்கு மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ வேண்டும், அது உங்களுக்கு ஆகாது. வட்டார சுகாதார மேற்பார்வையாளர் என்பது வேறு பதவி. சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்தவர்கள் பதவி உயர்வில் போய்ச் சேரும் இடம் அது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

இனி, ரெஜிஸ்டர் பார்க்கிற வேலையா என்ற கேள்வி. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒரு காலத்தில் காசநோய் என்றால் தாம்பரம் போன்ற சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பதுதான் சிகிச்சை. இருந்த படுக்கைகளோ நோயாளிகளில் சிலருக்குக்கூடப் போதவில்லை. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கியது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நெரிசலான குடியிருப்பு, அரைவயிற்றுச் சாப்பாடு, இதற்கு நடுவிலும் வீட்டில் மருந்து எடுத்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959இல் முடிவு வெளியானது, உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது.

நோயாளி வீட்டிலேயே இருக்கலாம் என்று ஆனபிறகு, அவர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்க்க யாராவது அந்த வீட்டுக்குப் போக வேண்டுமே. உங்கள் பதவி பிறந்தது அங்கேதான். ரெஜிஸ்டரும், நோயாளி விவரங்களை ஏற்றும் அரசின் நிக்ஷய் இணையதளப் பதிவும் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அவை சாயங்கால வேலை. பகல் முழுக்க வண்டியில்தான்.

உங்கள் அம்மாவின் பயத்துக்கும் அதே ஆய்வில் பதில் இருக்கிறது. வீட்டில் மருந்து எடுத்தவர்களின் குடும்பத்தாரையும் சானடோரியம் போனவர்களின் குடும்பத்தாரையும் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வந்துவிடவில்லை. சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கினால் தொற்றும் வேகமாகக் குறையும். ஆபத்து அதிகம் இருப்பது இன்னும் கண்டுபிடிக்கப்படாத நோயாளியிடம். ஆகவே புதிய நோயாளியைக் காற்றோட்டம் இல்லாத அறைக்குள் உட்கார்ந்து விசாரிக்காதீர்கள். திண்ணையில், மரத்தடியில் பேசுங்கள். உள்ளே போகத்தான் வேண்டும் என்றால் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் இதைச் சொல்லுங்கள்.

ஊர்ப்புறத்தில் ஒரு காசநோய் அலகு என்பது ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டரை லட்சம் மக்கள். மலைப்பகுதி, பழங்குடிப் பகுதி என்றால் இதைவிடக் குறைவு. அலகுக்கு ஒரு மருத்துவ அலுவலர், அவருக்குக் கீழே நீங்கள். அந்த எல்லைக்குள் இருக்கும் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மாதம் ஒரு முறையாவது போக வேண்டும். சிகிச்சை தொடங்கிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் முதல் மாதத்துக்குள் போய்வர வேண்டும். சளியில் கிருமியின் மருந்து எதிர்ப்பைச் சோதித்தார்களா, எச்.ஐ.வி., சர்க்கரை பார்த்தார்களா, இரண்டாம் மாத முடிவில் மறுபடி சளி கொடுத்தாரா என்று ஒவ்வொன்றையும் நீங்கள்தான் துரத்திப் பிடிக்க வேண்டும். வீட்டில் கூட இருப்பவர்களையும் பரிசோதிக்க வைக்க வேண்டும். அவர்களில் நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இருப்பதில் கஷ்டமான வேலை இதுதான் என்பேன். உடம்புக்கு ஒன்றும் இல்லாதவரை மாத்திரை சாப்பிட வைப்பது லேசான காரியம் அல்ல.

தனியார் மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் உங்கள் சுற்றில் உண்டு. 2012 முதல் காசநோய் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். காசநோய் மருந்துகள், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் ஹெச்1 பட்டியலில் இருப்பதால் கடைக்காரர் தனிப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டிலிருந்து நமக்குத் தெரியாமலே மருந்து வாங்கிக்கொண்டிருக்கும் நோயாளிகள் கிடைப்பார்கள். டாக்டர் வெளியே அரை மணி நேரம் காக்க வைப்பார். காத்திருங்கள்.

பணம் சம்பந்தப்பட்ட வேலையும் உண்டு. ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த அரசு உதவி 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். ஆறு மாதச் சிகிச்சைக்கு 3,000 வீதம் இரண்டு தவணையாக வங்கிக் கணக்குக்குப் போகும். கணக்கே இல்லாதவர், ஆதாரில் ஒரு பெயரும் பாஸ்புக்கில் ஒரு பெயரும் இருப்பவர் இவர்களுக்குத்தான் பணம் நின்றுபோகும், அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவையும்கூட. ஜார்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளி வீட்டாருக்கு அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்ததாலேயே அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. கே.ஒய்.சி. சரிசெய்யப் பேங்க்குக்கு நோயாளியோடு போய் நிற்பதும் சிகிச்சைதான்.

தமிழ்நாட்டில் இன்னொரு பொறுப்பு கூடுகிறது. 2022 முதல் இங்கே காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. காசநோயில் இறப்பவர்கள் பெரும்பாலும் சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்திலேயே இறந்துவிடுகிறார்கள் என்பதால், நோய் உறுதியானவுடன் உயரத்துக்கு ஏற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பதைப் பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே வார்டில் சேர்க்க வேண்டும். கேட்டுக்கொண்டு டிக் அடிக்கிற வேலை அல்ல இது. எழுந்து நிற்கச் சொல்லிக் கண்ணால் பாருங்கள்.

மீன் மார்க்கெட்டில் சுமை தூக்கும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். மாத்திரை அட்டை ஒவ்வொன்றும் கணக்குப்படி காலி. பதிவில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எடை மட்டும் ஏறவில்லை. மூன்றாம் முறை போனபோது அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: விடியற்காலை நாலு மணிக்கு வெறும் வயிற்றில் போட்டால் வாந்தி வருகிறதாம், அதனால் பிரித்துச் சாக்கடையில் போட்டுவிடுகிறாராம். மருத்துவ அலுவலரிடம் பேசி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றினோம். அடுத்த மாதமே எடை ஏறத் தொடங்கியது. ஆட்கள் மாத்திரையை நிறுத்த இப்படிச் சின்னச் சின்னக் காரணங்கள்தான் இருக்கும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்து பயந்து நிறுத்துபவர் உண்டு. மருந்தின் நிறம்தான் அது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, சரியாகிவிட்டது என்று கட்டட வேலைக்குத் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ கிளம்பிவிடுபவரும் உண்டு. அவர் பஸ் ஏறும் முன்பே போகிற ஊரின் அலகுக்கு மாற்றிவிட வேண்டும். ஏறிவிட்டார் என்றால் போன் நம்பர் கூட மாறிவிடும்.

பெண்களால் முடியுமா என்று கேட்டீர்கள். அந்த மனைவி வாய் திறந்தது என்னிடம் அல்ல, என்னோடு வந்திருந்த பெண் சுகாதாரப் பார்வையாளரிடம். அடுப்படி வரை போய்ப் பேச முடிகிறவருக்கு இந்த வேலையில் பாதிக் கதவுகள் தானாகத் திறக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: வண்டியை நோயாளி வீட்டு வாசலில் நிறுத்தாதீர்கள், தெருவில் வழி கேட்கும்போது நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் வீடாக இருக்கும்.

வேலை நிரந்தரம் அல்ல. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் 11 மாத ஒப்பந்தத்தில் எடுத்துப் புதுப்பித்துக்கொண்டே போகும். நிரந்தரம் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். பல வருடம் உழைத்தும் இப்படியே இருப்பவர்கள் நிறையப் பேர். அது நியாயமில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆகவே டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். அறிவிப்பு உங்கள் மாவட்ட இணையதளத்தின் ஆட்சேர்ப்புப் பகுதியில் வரும், வாரம் ஒருமுறை பாருங்கள். இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அதற்குள் ஒரு நாள் காலை உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவுக்குப் போய், இப்போது அங்கே இருக்கும் மேற்பார்வையாளரிடம் அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். பத்து மணிக்குள் போனால் ஆள் இருப்பார்.