பிறப்பு விகிதமும் கருவுறுதல் விகிதமும் ஒன்றுதானா? தமிழ்நாட்டுக்கு ஒரு செய்தியில் 13.8, இன்னொன்றில் 1.4 என்கிறார்களே, எது சரி?

இரண்டும் சரிதான். குரூப் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது.

13.8 பிறப்பு விகிதம். கிழவர், குழந்தை, ஆண், பெண் எல்லாரையும் சேர்த்து, ஆயிரம் பேருக்கு ஓராண்டில் எத்தனை குழந்தை பிறந்தது என்ற கணக்கு. 1.4 மொத்தக் கருவுறுதல் விகிதம். 15 முதல் 49 வயது வரை ஒவ்வொரு வயதிலும் பெண்கள் இப்போது பிள்ளை பெறும் அளவு அப்படியே நீடித்தால், ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளை என்பது. இரண்டுமே 2020-க்கான மாதிரிப் பதிவு அறிக்கையில் வந்தவை; சில பகுதிகளை மாதிரியாக எடுத்துப் பிறப்பு, இறப்பைக் கணக்கிடும் அரசு அறிக்கை அது. அதிலேயே கேரளத்துக்கு 13.2, 1.5. ஒரு பெண்ணுக்கு நம்மைவிடக் கொஞ்சம் அதிகம், ஆயிரம் பேருக்கு நம்மைவிடக் குறைவு. அங்கே முதியவர்கள் அதிகம். பிள்ளை பெறும் வயதைத் தாண்டியவர்களும் அந்த ஆயிரத்தில் அடக்கம்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, திட்டு வாங்கித் தெரிந்துகொண்டேன். கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் துணை சுகாதார நிலையத்தின் கீழ் இருந்த ஒரு ஊர், கம்பெனிகள் வந்த பக்கம். வரிசையாக லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். குடிவந்தவர்கள் எல்லாம் புதுசாகக் கல்யாணமான ஜோடிகள். பக்கத்து ஊரிலோ வாலிபப் பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய்விட, திண்ணைக்குத் திண்ணை பெரியவர்கள்தான். ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரி என் ஊரைக் காட்டி, "பிறப்பு விகிதம் இப்படி ஏறியிருக்கு, ஃபீல்டுக்குப் போறீங்களா இல்லையா?" என்றார். பக்கத்து ஊர் நர்ஸுக்குப் பாராட்டு.

தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டை, அதாவது பிள்ளை பெறும் வயதிலுள்ள தம்பதிகளின் விவரம் எழுதி வைக்கும் பதிவேட்டை, தூக்கிக்கொண்டு போய் மேசையில் விரித்தேன். அந்த ஆண்டுப் பிரசவங்களில் பெரும்பாலும் தலைப்பிரசவம். மூன்றாவது குழந்தை என்று தேடினால் விரல் விட்டு எண்ணலாம். பாராட்டு வாங்கிய ஊரில்தான் மூன்றாவது, நான்காவது எல்லாம் இருந்தது. மொத்த எண்ணிக்கை குறைவு என்பதால் வெளியே தெரியவில்லை. "சார், இங்கே பெத்துக்கற வயசுல ஆள் அதிகம், ஆளுக்கு அதிகம் பெத்துக்கல" என்றேன். "அதெல்லாம் சரிம்மா, அடுத்த மாசம் குறைச்சுக் காட்டுங்க" என்றார். வயிற்றில் இருப்பதை எப்படிக் குறைப்பது?

புள்ளியியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஒரு சின்ன ஊருக்கு மொத்தக் கருவுறுதல் விகிதம் கணக்கிட்டால் நம்ப முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் எத்தனையாவது குழந்தை என்று பார்த்தேன். நாட்டு அளவிலும் இதே கதைதான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் இந்தியாவின் கருவுறுதல் விகிதம் 2.0, அதாவது மக்கள் தொகையை நிலைநிறுத்தும் 2.1-க்கும் கீழே. ஆனாலும் ஜனத்தொகை ஏறுகிறது, ஏனென்றால் பெறும் வயதில் இருப்பவர்கள் அத்தனை பேர்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. விகிதம் குறைந்ததற்கு ஆளாளுக்கு மேடையில் மாலை போட்டுக்கொள்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் மேசையில் படுத்தது எல்லாம் பொம்பளைகள். ஆண்களுக்குச் செய்வது அதைவிடச் சின்ன ஆபரேஷன், வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை என்று வீடு வீடாகச் சொன்னேன். என் சர்வீஸில் சம்மதித்து வந்த புருஷன்மார்களின் பெயரை இப்போதும் பார்க்காமல் சொல்வேன், அவ்வளவு குறைவு.